எதிரெதிரே நின்ற தேர்கள்

“சேலைக்குள்ளே ஒளிஞ்சுதான் தப்பிச்சானாம் செம்பொத்தைச் சின்னத்துரை” என்று அந்தத் தூணுக்கு அப்பால் படுத்திருக்கிறவர் தன் கூட்டாளியிடம் சொன்னாரே, உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருக்கும். நீங்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். தப்பில்லை ஐயா, கேட்கிறவருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது சேலை இல்லை. சமுக்காளம். ஓரத்தில் கொஞ்சம் சரிகை இருந்தது, அவ்வளவுதான். சரிகை இருந்தால் சேலை ஆகிவிடுமா?

எனக்கு எப்படித் தெரியும் என்றா பார்க்கிறீர்கள்? அந்தச் சின்னத்துரை நான்தான். வெள்ளியம்பலம் என்று பெயர்.

எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். சத்திரத்தில் துரை ஏது, வியாபாரி ஏது. வெள்ளம் வடிகிற வரைக்கும் ஓடக்காரன் ஓடத்தை அவிழ்க்கப் போவதில்லை. வெற்றிலை இருந்தால் ஒரு பிடி கொடுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிற ஊரிலெல்லாம் அதைச் சொன்னால் எனக்குப் பெரிய உபகாரம்.

செம்பொத்தை சின்னப் பாளையம். மதுரைக்குக் கப்பம் கட்டுகிறோம். பாளையக்காரர் என் அப்பா. ஊருக்கு மேற்கே எங்கள் கோட்டை, அதை ஒட்டிச் சொக்கநாதர் கோயில். ஊருக்குக் கிழக்கே படைத்தலைவரின் கோட்டை, அதை ஒட்டி அழகிய மணவாளப் பெருமாள் கோயில். படைத்தலைவர் வேறு யாருமில்லை, என் தாய்மாமன். சௌரிராச மாமா. என் அம்மா கோதை நாச்சியாருக்குத் தம்பி. அப்பா நெற்றியில் பட்டையாகத் திருநீறு, அம்மா நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் எல்லாரும். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் பெருமாள் கோயில் படி மிதிப்பதில்லை, மாமா வீட்டு ஆண்பிள்ளைகள் சிவன் கோயில் பக்கம் வருவதில்லை. அது ஒரு மரியாதை. பகையில்லை. பகை பிறகு வந்தது.

எப்படி வந்தது என்கிறீர்களா? தேரால் வந்தது.

இரண்டு கோயிலுக்கும் நடுவில் ஒரு தெரு. இரண்டு தேருக்கும் அது பொது. தேர் என்றால் வலமாகத்தானே வரவேண்டும்? அதனால் எங்கள் தேர் அந்தத் தெருவில் வடக்கேயிருந்து தெற்கே வரும், அவர்கள் தேர் தெற்கேயிருந்து வடக்கே போகும். வழக்கமாக எங்கள் திருவிழா மாசியில், அவர்களுடையது பங்குனியில். ஆகையால் தொந்தரவில்லை. அந்த வருஷம் மாசியில் மழை கொட்டி, எங்கள் திருவிழா பங்குனிக்குத் தள்ளிப்போனது. இரண்டு தேரோட்டமும் ஒரே நாள். நீங்கள் முதலில், நாங்கள் பிறகு என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் “நாங்கள் முதலில்” என்றுதான் சொன்னார்கள்.

தேரடித் தெருவின் நடுவில், தெரு ஒடுங்குகிற இடத்தில், இரண்டு தேரும் முகத்துக்கு முகம் வந்து நின்றுவிட்டன. குதிரைப் பொம்மையும் குதிரைப் பொம்மையும் மூக்கை உரசுகிற தூரம். தேரைப் பின்னால் இழுக்கக்கூடாது, உங்களுக்கும் தெரியும். பின்னால் போனால் அந்தச் சாமி இந்தச் சாமியிடம் தோற்றதாகிவிடும். அப்பா “உங்க தேரை எடுங்க” என்றார். மாமா “உங்க தேரை எடுங்க” என்றார். பொழுது சாய்ந்ததும் இரண்டு சாமியையும் பல்லக்கில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். தேர்கள் அங்கேயே நின்றன.

மூன்று வருஷம் நின்றன.

சண்டை என்றால் விளையாட்டுச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். வைக்கோற்போரைக் கொளுத்தினார்கள். குளத்து மடையை உடைத்தார்கள். என் சித்தப்பா மகனுக்கு ஒரு காதில் பாதி போயிற்று. நீறு பூசினவன் கிழக்கே போனால் அடி, நாமம் போட்டவன் மேற்கே வந்தால் அடி. நடுத்தெருக்காரர்கள் பாவம், காலையில் நீறும் மாலையில் நாமமும் வைத்துக்கொண்டு, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்த்து நெற்றியைத் துடைப்பார்கள். நானும் ஒரு போரில் முன்னணியில் நின்றிருக்கிறேன். பிச்சாண்டியைக் கேட்டால், குதிரை தண்ணீர் குடிக்கத்தான் ஓடியது, துரை அதன்மேல் இருந்தார் என்பான். பிச்சாண்டி என் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் பேச்சை அவ்வளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் உண்மையான கஷ்டம் அதெல்லாம் இல்லை ஐயா. கொடி. திருவிழாவுக்குக் கொடி ஏற்றினால், தேர் நிலைக்கு வந்து கொடி இறங்குகிற வரை ஊரில் கல்யாணம் கிடையாது. தேர் நிலைக்கு வரவில்லை. கொடி இறங்கவில்லை. மூன்று வருஷம் எங்கள் ஊரில் ஒரு தாலி ஏறவில்லை! நினைத்துப் பாருங்கள். பரிசம் போட்ட பையன்களுக்குத் தாடி மார்பைத் தொட்டது. தட்டான் ஊரைக் காலி செய்துகொண்டு போனான். நாகசுரக்காரருக்குக் கல்யாண உருப்படிகள் மறந்துபோய்விட்டன என்று அவரே சொல்லி அழுதார்.

எனக்கும் ஒரு பெண் காத்திருந்தாள். மாமா மகள் செங்கமலம். அவள் பிறந்த அன்றைக்கே எனக்கென்று சொல்லி வைத்தது. சின்ன வயதில் என்னை மாமரத்திலிருந்து தள்ளிவிட்டவள். அவ்வளவு பிரியம்.

போன மார்கழியில் பூக்காரி ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் இரண்டு கோட்டைக்கும் பூக் கொடுக்கிறவள், பூவுக்கு நீறும் நாமமும் இல்லை என்று அவளை யாரும் தடுப்பதில்லை. மாமா செங்கமலத்தை வடக்கே தன் மைத்துனர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், தை பிறந்ததும் அங்கேயே நரசிம்மன் என்கிற ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்துவிடப் போகிறாராம். நரசிம்மன்! அவனுக்கு வாள் எந்தப் பக்கம் வெட்டும் என்று கூடத் தெரியாது.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். நாமம் போட்டுக்கொண்டு கிழக்குக் கோட்டைக்குள் நுழைவது. செங்கமலத்தைத் தூக்கிக்கொண்டு வருவது. யோசனை முழுக்க என்னுடையது. அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியமே படவில்லை. முன்பே திருமண்ணைக் குழைத்து வைத்திருந்தாள், என்ன பொருத்தம் பாருங்கள்.

“ஆடாம நில்லுடா. ஒரு கோடு நேரா வரமாட்டேங்குது.”

“நான் ஆடவில்லை அம்மா. வீரத்தில் உடம்பு துடிக்கிறது.”

“துடிக்கட்டும், நெத்தியை மட்டும் அசைக்காதே. கவனமாக் கேளு. கோயில்ல தீர்த்தம் குடுப்பாங்க, துளசி குடுப்பாங்க, அப்புறம் சடாரி…”

“எல்லாம் தெரியும்.”

“என்னடா தெரியும்? நீ அங்கே போனதே இல்லையே!”

“தெரியும் அம்மா.”

அவள் பெருமூச்சு விட்டாள். “சரி. அங்கே போனா செங்கமலம் சொல்றபடி நட” என்றாள். பெண்கள் இப்படித்தான், தைரியம் சொல்லி அனுப்பத் தெரியாது.

பிச்சாண்டிக்கும் ஒரு நாமம் போட்டோம். “எசமான், எனக்குக் கோணலா இருக்கே” என்றான். “உன் தலை கோணல்” என்றேன். இரண்டு பேரும் திருமலை யாத்திரீகர்கள் மாதிரிக் கிளம்பினோம். வேஷம் கச்சிதம். குத்துவாளும் காதில் சிவப்புக்கல் கடுக்கனும் தவிர ராஜ அடையாளம் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கிழக்குக் கோட்டை வாசலில் காவல்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “எந்த ஊரு?”

“திருமலைக்குப் போகிற வழி.”

“செம்பொத்தை தெற்கே இருக்கு. திருமலை வடக்கே இருக்கு. சுத்திக்கிட்டா வர்றீங்க?”

“பக்திக்குத் திசை ஏது?” என்றேன்.

அவன் என் கடுக்கனையே பார்த்தான். “நீங்க மேற்குக் கோட்டைச் சின்னத்துரை சாயல்ல இருக்கீங்களே.”

“பலபேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் இன்னும் அழகு.”

அவன் கையிலிருந்த வேலைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நின்று இருமினான். தோள் குலுங்கக் குலுங்க இருமினான். பிறகு கதவைத் திறந்து, “சின்ன நாச்சியார் நேத்தே சொன்னாங்க, ரெண்டு யாத்திரீகர் வருவாங்கன்னு. போங்க” என்றான். செங்கமலம் எந்த யாத்திரீகர்களைச் சொன்னாளோ, அவர்கள் புண்ணியத்தில் நாங்கள் உள்ளே போய்விட்டோம். போரில் அதிர்ஷ்டமும் வேண்டும்.

உச்சிக்காலப் பூசை நேரம். சன்னதியில் இரண்டு வரிசை. ஒரு வரிசையின் முன்னால் மாமா நிற்கிறார். அவர் பக்கத்தில் செங்கமலம். மூன்று வருஷத்தில் வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே கண்ணை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தாள். நாணம்.

தீர்த்தம் வந்தது, குடித்தேன். துளசி வந்தது. எங்கள் கோயிலில் கையில் கொடுப்பதை நெற்றியில்தானே பூசுவோம்? பூசினேன். நாமம் கொஞ்சம் கலைந்திருக்கலாம். அப்புறம் பட்டர் வெள்ளியில் ஒரு கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேராக என்னிடம். ஐயா, நான் ஒரு பாளையத்தின் மூத்த பிள்ளை. எங்கள் குலத்தில் கிரீடம் வந்தால் மூத்தவன் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சூடிக்கொள்ள வேண்டும், தயங்கினால் அபசகுனம். வேஷத்தில் இருக்கும்போதும் என் முகத்தில் ராஜகளை தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். வாங்கினேன். தலையில் வைத்து, நன்றாக அழுத்தி, வலதுகையைத் தூக்கி எல்லாரையும் ஆசீர்வதித்தேன்.

அது சடாரியாம். பெருமாளுடைய பாதமாம் அது. பட்டர் நம் தலைமேல் ஒரு கணம் வைத்து எடுப்பார், நாம் குனிந்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அம்மா இதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

“சடாரியை விடும் ஓய்! விடும்!” என்று பட்டர் இழுக்கிறார். எனக்குச் சரியான அளவு, இறுகிவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் கை இடுப்புக்குப் போனது. யாரோ “நீறுக்காரன்!” என்று கத்தினான். பிச்சாண்டி தூணுக்குப் பின்னால் நாராயணா நாராயணா என்று முனகுகிறான்.

அப்போது செங்கமலம் சிரித்தாள். கோயில் மணி மாதிரிச் சிரித்தாள். “அப்பா, இதுதான் பூக்காரி சொன்ன பைத்தியம். தன்னை ராஜான்னு நினைச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்துதாம். பாவம், அடிக்காதீங்க. மடைப்பள்ளியில சோறு போட்டு ஏதாவது வேலை குடுங்க, தெளிஞ்சிடும்.”

மாமா கிட்டே வந்தார். என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார். மீசை துடித்தது, அவ்வளவு கோபம். ஆனால் என் தாடியும் நாமமும் அவரை ஏமாற்றிவிட்டன. தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, என் இரண்டு காதையும் மூடித் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். “பைத்தியத்துக்குக் காத்துப் பட்டா அதிகமாகும். துண்டை யாரும் அவிழ்க்கக்கூடாது” என்று தன் ஆட்களிடம் உரக்கச் சொன்னார். அந்த அவசரத்தில் என் கடுக்கனை அவர் கவனிக்கவே இல்லை! அவ்வளவு பெரிய சிவப்புக்கல்லை!

இப்படியாக நான் எதிரியின் மடைப்பள்ளிக்குள் ஊடுருவினேன். பிச்சாண்டி மாட்டுத் தொழுவத்தில் சேர்ந்துகொண்டான். பொங்கல் நெருங்குகிற வரை அங்கேயே இருந்து வேவு பார்த்தேன். தண்ணீர் இறைத்தேன், விறகு பிளந்தேன், உரலில் இடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம். வேஷம் என்றால் முழுமையாகச் செய்யவேண்டும் அல்லவா? பல ரகசியங்களைத் தெரிந்துகொண்டேன். அக்காரவடிசிலுக்கு நெய்யை ஒரே தரத்தில் ஊற்றுவதில்லை. புளியோதரையை ஆறவிட்டுச் சாப்பிடவேண்டும். இதெல்லாம் மேற்குக் கோட்டையில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் செங்கமலம் வந்தாள். அரிசி அளக்கிற மாதிரி நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“அத்தான், என்ன திட்டம்?”

“வடக்குச் சுவரேறி உன்னைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன்.”

“வடக்கே சுவர் ஏது? குளம்தானே இருக்கு.”

“நீந்துவோம்.”

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா?”

“நீ பிடித்துக்கொள்வாயே.”

அவள் ஒரு படி அரிசியை அளந்து கொட்டினாள். “சரி, நீந்திப் போய்?”

“மதுரை. அங்கே கல்யாணம்.”

“அத்தான், நம்ம ஊர்ல கொடி ஏறியிருக்கு. ஊர்க்கொடி பறக்கும்போது அந்த ஊர்க்காரங்க வெளியே போயும் தாலி கட்டக்கூடாது. அப்பாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். ‘பொம்பளைகளுக்கு வழக்கம் என்ன தெரியும்’னு வாயை அடைச்சிட்டார்.”

“வழக்கத்தை மீறுவோம். காதல்!”

“மீறலாம். நாம ரெண்டு பேரும் மீறலாம்.” அவள் குரல் தணிந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவள் சிரிக்கவில்லை. “என்கூடப் பல்லாங்குழி ஆடினவங்க எல்லாரும் இன்னும் அப்பன் வீட்லதான் உக்காந்திருக்காங்க. நீலாவுக்குப் பரிசம் போட்ட பையன் காத்திருந்து காத்திருந்து கடலோரம் போயிட்டான், திரும்பி வரல. அவ தினமும் மாடியேறித் தேரைப் பார்த்துட்டு இறங்குறா. நாளைக்கு நான் மட்டும் தாலியோட வந்து நின்னா, அவ முகத்துல எப்படி முழிக்கிறது? தேர் நகரணும் அத்தான். தேர் நகர்ந்தா எல்லாருக்கும் நடக்கும். நகரலைன்னா தை பொறந்ததும் அப்பா என்னை வண்டியேத்திடுவார். அப்புறம் உங்களுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை.”

“தேரை நகர்த்த முடியாதே. யார் பின்வாங்குவார்கள்?”

“ஒருத்தரும் பின்வாங்க வேண்டாம். நான் சொல்ற இடத்துக்கு வண்டி போகட்டும், நீங்க வாயை மட்டும் திறக்காதீங்க.”

பார்த்தீர்களா, என் திட்டத்துக்கு அவள் சம்மதித்துவிட்டாள். சின்னச் சின்ன மாற்றங்களோடு.

போகிக்கு முந்தின நாள், நல்ல வெயிலில் கிளம்பினோம். கூண்டு வண்டி. முன்னால் பிச்சாண்டி மாடு ஓட்டுகிறான். உள்ளே செங்கமலமும் ஒரு தோழியும். நான் அடியில், அந்தச் சமுக்காளத்துக்குள். ஆமாம், கொஞ்சம் மஞ்சள் வாசம் அடித்தது. ஆமாம், முந்தானை மாதிரி ஒரு பக்கம் பூவேலை இருந்தது. சமுக்காளத்தில் பூவேலை இருக்கக்கூடாதா?

வாசலில் அதே காவல்காரன். “வண்டி ஏன் இப்படித் தரையோட இறங்குது?”

“அடியில புளியோதரை மூட்டை” என்றாள் செங்கமலம்.

“வரும்போது இவ்வளவு கனம் இல்லையே” என்றான் அவன். வண்டியே இல்லாமல் நடந்துவந்த எங்களை அவன் எப்படி அப்படிச் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் போவதற்குள் கோட்டையில் அபாய மணி அடித்தது. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள்! “சின்ன நாச்சியார்தான், வாசல் தாண்டினதும் மணியை அடின்னு சொல்லிட்டு வந்தாங்க” என்கிறான் பிச்சாண்டி. இவன் பேச்சைப் பற்றி முன்பே சொன்னேன். வண்டி மதுரைச் சாலைக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேராகத் தேரடித் தெருவுக்குள் போய், இரண்டு தேருக்கும் பக்கத்தில் நின்றுவிட்டது. “மாடு மிரண்டுடுச்சு” என்றாள் செங்கமலம். மாடு சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. மிரண்ட மாட்டுக்கு அப்படி ஒரு சுபாவம் உண்டு போலிருக்கிறது.

நான் சமுக்காளத்துக்குள்ளிருந்து புறப்பட்டு வண்டியை விட்டு இறங்கினேன். அந்தத் தேர்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கூம்பில் புல் முளைத்திருந்தது. மைனா குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, அதற்கு எந்தக் கொடியும் தடையில்லை. வடங்களைக் கரையான் அரித்திருந்தது.

தெற்கேயிருந்து மாமா ஆட்களோடு வந்தார். மணிச் சத்தம் கேட்டு வடக்கேயிருந்து அப்பா ஆட்களோடு வந்தார். மாடியெல்லாம் தலைகள். இந்தப் பக்கம் வேல், அந்தப் பக்கம் வேல், நடுவில் நாங்கள். ஐயா, அப்போது நானே வண்டிச் சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டேன், பொய் சொல்லமாட்டேன். ஒரு கல் பறந்திருந்தால் அன்றைக்கு ரத்தம்தான்.

அப்பாதான் ஆரம்பித்தார். “என்ன மச்சான், பெண்ணை நீராகவே அனுப்பிட்டீர்? சீர் எங்கே, செனத்தி எங்கே?”

“உம்ம பிள்ளையைப் பாரும்!” என்றார் மாமா. “எங்க மடைப்பள்ளிச் சோத்தைத் தின்னு எப்படி ஊதியிருக்கான்! அதுக்கு மேல என்ன சீர் வேணும்?”

“என் பிள்ளை நெத்தியில நாமத்தைப் போட்டது யார்?”

“உம்ம பெண்டாட்டியைக் கேளும்!”

“உன் அக்காளைச் சொல்லு!”

இப்படியே போனால் விடியாது என்று நான் வண்டியின் மேல் ஏறினேன். குத்துவாளை உருவினேன். “வீரர்களே!” என்றேன். அந்தச் சமுக்காளம் என் தோளில் சிக்கிக்கொண்டு தரைவரைக்கும் தொங்கியதை நான் கவனிக்கவில்லை. மாமா கட்டின துண்டும் இன்னும் தலையில் இருந்தது. இரண்டு படையும் என்னைப் பார்த்தன. பிறகு சிரித்தன. கிழக்கும் சிரித்தது, மேற்கும் சிரித்தது. மாடியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆட்கள் வேலைக் கீழே ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அந்தத் தெருவில் நீறும் நாமமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. என் முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தைரியம் வந்து பயம் தெளிந்துவிட்டது, அதுதான் காரணம். இந்தச் சேலைக் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அம்மாவின் பல்லக்கு வந்து இறங்கியது. பிள்ளை அகப்பட்டுக்கொண்டான் என்று யாரோ சொல்லி, கூந்தலைக்கூட முடிந்துகொள்ளாமல் வந்திருந்தாள். நேராக என்னிடம் வந்து, கை இருக்கிறதா, கால் இருக்கிறதா, காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

செங்கமலம் வண்டியை விட்டு இறங்கி அவள் காலைத் தொட்டு எழுந்தாள். “அத்தை, ஒண்ணு கேக்கவா? தெரு முழுக்க அகலமா இருக்கு. இந்த இடத்துல மட்டும் ஏன் இப்படி ஒடுங்கியிருக்கு?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேர்கள் நிற்கிற இடத்தில் ஒரு பெரிய வீடு. அதன் முன்கட்டு மட்டும் தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. அது அம்மா பிறந்த வீடு. தேர்த் திருவிழாவை மகள் கிட்டத்திலிருந்து பார்க்கட்டும் என்று தாத்தா அந்த முன்கட்டை இழுத்துக் கட்டினாராம். கல்யாணத்தின்போது வீட்டையே அம்மாவுக்குச் சீராகக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்குச் சொந்தம் என்று உலகத்தில் இருக்கிறது அது ஒன்றுதான். சண்டை வந்த பிறகு பூட்டிக் கிடந்தது.

“இந்த முன்கட்டு இல்லைன்னா ரெண்டு தேர் பக்கத்துல பக்கத்துல போற அகலம் இருக்கு, அத்தை. நான் மாடியிலேருந்து பார்த்துப் பார்த்து அளந்திருக்கேன். ரெண்டும் முன்னாலேயே போகலாம். ஒண்ணும் பின்னால போகவேண்டாம்.” அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். தன் அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. தையில் தன்னை வண்டியேற்றப் போகிறவர் நான்கு முழம் தள்ளி நிற்கிறாரே, பயம் இருக்காதா?

மைனா மட்டும் கத்தியது.

“அக்கா,” என்றார் மாமா. அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. “அது அப்பா கட்டினது, அக்கா. உனக்காகக் கட்டினது.”

அப்பா முன்னால் வந்தார். “கோதை, பிறந்த வீட்டை இடின்னு உன்னை எவன் சொல்வான்? இதெல்லாம் ஆம்பளைங்க விவகாரம். உன்னை யாரும் கேக்கலை.”

“ஆமா,” என்றாள் அம்மா. “மூணு வருஷமா யாரும் கேக்கலை.”

அவள் அந்த வீட்டு முன்னால் போய் நின்றாள். மேலே ஒரு சின்னச் சன்னல் இருந்தது, கம்பியெல்லாம் துருப்பிடித்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியின்மேல் நின்று என் பேச்சை எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், “வீரர்களே” வரைக்கும்தான் சொல்லியிருந்தேன். மாடியில் நீலா என்கிற அந்தப் பெண் இரண்டு கையாலும் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அப்பா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

எங்கள் தேருக்குக் கட்டை போடுகிற கிழவர் சக்கரத்தடியில் கடப்பாரையோடு நின்றார். அம்மா அவரிடம் கையை நீட்டினாள். அவர் அப்பாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு கொடுத்துவிட்டார்.

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி, அந்தச் சன்னலுக்குக் கீழே, முன்சுவரில் முதல் குத்துக் குத்தினாள்.